வெள்ளைச் சேலைக்காரி

கொம்பன் எங்கள் ஊருக்கு வந்த முதல் நாளே, காலில் விழுந்து கும்பிட்டவனை வெட்டிப் போட்டான். செந்துறையே வாயடைத்துப் போயிற்று. கும்பிட்டவனை வெட்டுகிற கதாநாயகனை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. நம் கதாநாயகர்கள் படம் முழுக்க அடிப்பார்கள், பறப்பார்கள், கடைசியில் வில்லன் கை கூப்பினால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போலீஸ் ஜீப்புக்கு வழிவிடுவார்கள். கொம்பனுக்கு ஜீப்பும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. வாளைத் துடைத்தான், உறையில் போட்டுச் சாக்கில் சுற்றினான், நடந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் ஆள்கூட இல்லை, ஜப்பான்காரர்கள் வரைந்த பொம்மை. முகத்தில் பாதி கண்ணாக இருக்கும். தலைமயிர் இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் கொம்பன். அவனுடைய சொந்தப் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது. கொம்பன் என்று பேர் வைத்த பாலசுந்தரத்துக்கும் தெரியாது.

இது இரண்டாயிரத்து ஐந்தில் நடந்தது. அப்போது எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தோடு இருந்தது. செந்துறைக்குக் கேபிள் டி.வி. கொடுத்தவர் பாலசுந்தரம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தன் சொந்தச் சானலில் ஒரு படம் போடுவார். ஒருநாள் படத்தின் சி.டி. பாதியில் நின்றுவிட்டது. கைவசம் வேறு சி.டி. இல்லை. அவருடைய கூட்டாளி ஒருவர், நடராசன் என்று பூலாம்பாடிக்காரர், மலேசியாவில் வேலை பார்த்தார். அவர் அங்கே ரோட்டோரக் கடையில் வாங்கி, ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்துவிட்ட பொம்மைப் படம் ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்துப் போட்டார். பேச்சு ஜப்பான், அடியில் ஓடிய எழுத்து மலாய். போன் மேல் போன் வந்தது. "என்னய்யா இது, ஒரு எழவும் புரியல. பணத்த மட்டும் மாசமானா வந்து வாங்குற" என்று திட்டினார்கள்.

பாலசுந்தரம் பயந்த சுபாவம். ஒருத்தர் குரலை உயர்த்தினால் இவருக்குக் கை நடுங்கும். காணாமல் போன ஆடு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள், ஊரில் செத்தவர்களின் பேர், இதையெல்லாம் அறிவிக்க ஒரு மைக் வைத்திருந்தார். அதைக் கையில் எடுத்தார். படத்தின் சத்தத்தைக் குறைத்தார். திரையில் யார் வாயசைக்கிறார்களோ அவர்களுக்காக, வாய்க்கு வந்ததைத் தமிழில் பேச ஆரம்பித்தார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் ஊருக்கு விடவே இல்லை. நடராசன் ஆள் கிடைக்கும்போதெல்லாம் இரண்டு மூன்று சி.டி.க்களாகக் கொடுத்துவிடுவார். ஏழு மணிக்கு எந்த வீட்டு வாசலிலும் ஆள் இருக்காது. கிழவன், பொம்பளை, வேலைக்காரன், கொம்பன் என்று அத்தனை பேருக்கும் பாலசுந்தரம் ஒருவரே குரல் கொடுப்பார். பொம்பளைக்கு மூக்கால் பேசுவார், கேட்கச் சகிக்காது. ஆனால் கொம்பனுக்கு என்று ஒரு குரல் வைத்திருந்தார், அடித்தொண்டையில், அவசரமே இல்லாமல். "மன்னிப்பா? எங்கிட்ட அந்தச் சரக்கு இல்லயே" என்று அந்தக் குரலில் சொல்லிவிட்டு வெட்டுவான். பேசினவரோ கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டார். கறிக்கடை வந்தால் ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறிப் போகிற ஆள்.

அவர் பாடும் சுலபமில்லை. ஒருநாள் கொம்பன், தனக்குச் சோறு போட்ட ஆளையே வெட்டிவிட்டான். ஏன் வெட்டினான் என்று பாலசுந்தரத்துக்கு எப்படித் தெரியும்? "சோத்துல வெஷம் வச்சவன் நீ" என்று சட்டென்று ஒரு காரணம் சொன்னார். அடுத்த காட்சியில் ஒரு நாய் வந்து அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டு போயிற்று. மைக்கில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "அந்த வெஷம் நாய்க்கு ஏறாது" என்றார். ஊரே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

நான் மலர்கொடி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அய்யம்பெருமாள், சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழியில் கூலிக்குப் போனவர். கல் ஏற்றுகிற டிப்பர் பின்னால் வந்தபோது அவர் நின்றிருந்ததை டிரைவர் பார்க்கவில்லை என்று சொன்னார்கள். கேசு அரியலூர் கோர்ட்டுக்குப் போய், அலைந்து, ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. டிப்பர் மறுபடி ஓடியது. அந்த டிரைவர் எங்கள் பூத் வழியாகவே பஸ் ஏறப் போவான். அவன் போவதைப் பார்க்கிற அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

வீட்டில் நானும் என் மாமியார் செங்கமலமும் மட்டும். மகன் போன பிறகு அவளும் எங்கும் போகவில்லை, நானும் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். சண்டையும் எங்களுக்குள்தான், சமாதானமும் எங்களுக்குள்தான். மகன் செத்தபோது அழுது தீர்த்தவள், அதன்பிறகு எதற்கும் அழுததில்லை. ஆனால் கொம்பன் வந்ததும் டி.வி. முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அவன் ஒருத்தனை வெட்டியதும், "இன்னொண்ணு போடுறா ராசா" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். அவள் யாரை வெட்டச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அவனைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாளோடு ஒருத்தன் குழிப்பக்கம் நடந்துபோக மாட்டானா என்று இருக்கும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பாலசுந்தரம் மலேசியாவுக்குப் பேச என் பூத்துக்குத்தான் வருவார். பேச ஒன்றும் இல்லாத நாளிலும் வருவார். டீ வாங்கி வந்து, வாசலில் நின்றே குடித்துவிட்டு, "லைன் சரியா இருக்கா" என்று கேட்டுவிட்டுப் போவார். லைன் சரியாகத்தான் இருக்கும். அவர் எங்கள் சனம்தான். தூரத்து வழியில் எனக்கு மாமன் முறை. தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் வயசு தாண்டிப்போய், கல்யாணமே ஆகாமல் நின்றுவிட்டவர். ஊரே அவரை அண்ணே என்று கூப்பிடும். எனக்கு அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. மாமா என்று கூப்பிடலாம், முறைதான். ஆனால் தாலி அறுத்தவள் வாயில் அந்த வார்த்தை வந்தால் அது கூப்பிடுவதோடு நிற்காது. அதனால் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தாங்க" என்பேன், அவ்வளவுதான். அவரும் அப்படித்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேர் இல்லாமலே எல்லாம் நடந்தது.

மாசி முடிகிற சமயம் அந்தப் பெண் படத்தில் வந்தாள். அதற்கு முந்தின காட்சியில்தான் கொம்பன் ஒருத்தனை வெட்டியிருந்தான். அடுத்து மழை. ஒரு தெரு. தலையிலிருந்து கால்வரை வெள்ளைச் சேலை சுற்றி, முகத்தைக் குனிந்துகொண்டு ஒருத்தி நடந்து வருகிறாள். பின்னால் ஊர்ச்சனம் வாய் பேசாமல் வரிசையாக வருகிறது. இதைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? பாலசுந்தரத்துக்கும் அதுவே தோன்றியது. "இப்ப வெட்டுப்பட்டவன் பொண்டாட்டி. பாவம், புருசனப் பறிகொடுத்தவ" என்று மைக்கில் சொன்னார். என் மாமியார் அந்த நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கொம்பன் அவள் எதிரே போய் நின்றான். வாளின் பிடியில் கை வைத்தான். எடுக்கவில்லை. அத்தனை நாளில் முதல் தடவையாக அவன் எடுக்கவில்லை. வெள்ளைச் சேலைக்காரி தலையை நிமிர்த்தி ஏதோ சொன்னாள். பாலசுந்தரம் மூக்கால் பேசவில்லை. தன் சொந்தக் குரலில், மெதுவாக, "பொழுது போனாப் போதும்னு இருக்கேன். அதுவும் போக மாட்டேங்குது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குக் காலையில் பூத்தில் நான் சொன்னது அது. டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம்கூட இல்லை, வெயிலைப் பார்த்து நானாகச் சொன்னது.

தற்செயலாக இருக்கும் என்று மறுநாள் சோதித்துப் பார்த்தேன். அவர் வந்து நின்றபோது, பக்கத்துக் கடை தனத்திடம் பேசுகிற மாதிரி, "எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லடி. என்னய ஒருத்தரும் கேக்காததுதான் கோவம்" என்றேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வெள்ளைச் சேலைக்காரி கொம்பனிடம் அதையே சொன்னாள். அதற்குக் கொம்பன் சொன்ன பதில்: "கேக்கத் தெரியாதவனும் உண்டு. வெட்ட மட்டுந்தான் கத்துக்குடுத்தாங்க."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேட்கத் தெரியாதவராம்!

அதன் பிறகு காலையில் பூத்தில் நான் பேசுவேன், சாயங்காலம் அவள் பேசுவாள். பகலில் ஒரு வார்த்தையை யோசித்து யோசித்து வைத்திருப்பேன். வேண்டுமென்றே அதைத் தனத்திடம் சொல்வேன். அவர் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். முகத்தில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் செந்துறை முழுக்க எங்கள் பேச்சைக் கேட்கும், ஒருத்தருக்கும் தெரியாது. நாற்பது பேரை வெட்டினவன் குரலில்தான் அந்த மனுஷனுக்கு என்னிடம் பேச முடிந்தது. என் வாசல்படியில் கால் வைக்க மட்டும் தைரியம் இல்லை. இதை நினைத்தால் ஆத்திரமாக வரும். ஆனாலும் மணி ஆறரை ஆனால் என் கண் கடிகாரத்தை விட்டு நகராது.

ஒருநாள் படத்தில் அவள் ஒரு மரத்தடியில் நின்றாள். மரத்திலிருந்து பூ கொட்டுகிறது, இளஞ்சிவப்பாக, நம் புங்கம்பூ கொட்டுகிற மாதிரி. அவள் தலையில், தோளில், அந்த வெள்ளைச் சேலை முழுக்கப் பூ. கொம்பன் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் வாயே அசையவில்லை. ஆனாலும் பாலசுந்தரம் பேசினார். "மரமே உனக்குப் பூ வைக்குது. மனுசன் யாரு வேணாம்னு சொல்ல?"

மறுநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அதே பேச்சு. கொம்பன் அவளைக் கட்டிக்கொள்வானா மாட்டானா என்று பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "புருசனக் கொன்னவனப் போயி கட்டுவாளா? வெளங்குமா அது?" என்றாள் தனம். "அவன் செத்துட்டான். இவ உசுரோட இருக்காளே, அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?" என்றது இன்னொரு குரல். திரும்பிப் பார்த்தேன். குடத்தோடு நின்றது என் மாமியார். என்னைப் பார்க்காமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சித்திரையில் சி.டி. தீர்ந்துபோயிற்று. கடைசி ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்டு நடராசனுக்குப் போன் போட பாலசுந்தரம் பூத்துக்கு வந்தார். வெளிநாட்டு லைன் என்றால் இரண்டு பக்கமும் கத்துவார்கள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தும் எனக்கு எல்லாம் கேட்டது. "கடைசில அந்தத் தாலியறுத்த பொண்ணு என்னடா ஆவுறா?" என்று இவர் கேட்டார். நடராசன் சிரித்த சிரிப்பு ரிசீவருக்கு வெளியே வந்தது.

"தாலியறுத்தவளா? அடப் பாவி, அது கல்யாணப் பொண்ணுடா! அவுங்க ஊருல கல்யாணத்துக்கு வெள்ளைதான் கட்டுவாங்க. கீழ மலாய்ல எழுதியிருக்கே, நான் படிச்சுட்டேன். அவள வேற ஒரு பெரிய வூட்டுக்குக் கட்டிக் குடுக்குறாங்க. கொம்பனுக்கு அவ மேல ஆசைதான். ஆனா அவ குடும்பத்தையே அழிக்கிறேன்னு சத்தியம் பண்ணிட்டான்ல? கடைசில பாலத்து மேல வச்சு அவளையும் ஒரே வெட்டு. அதாண்டா படமே!"

பாலசுந்தரம் ரிசீவரை வைத்தார். கதவைத் திறந்து வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "கேட்டுச்சா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் யாரோ, "அண்ணே, எங்க தெருவுல படம் தெரியல" என்று கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் பூத்துப் பக்கம் வரவில்லை. டீக்கும் வரவில்லை, லைன் சரியா இருக்கா என்று கேட்கவும் வரவில்லை. சாயங்காலம் பழைய படங்களைப் போட்டார். கொம்பன் எங்கே என்று கேட்டவர்களிடம் சி.டி. வரவில்லை என்றார். அந்த நாட்கள் எனக்குப் போன விதத்தை எப்படிச் சொல்ல? பஸ் வந்து நிற்கும், ஆள் இறங்கும், என் கண் அந்த டீக்கடையிலேயே இருக்கும். செத்துப்போன மனுஷனுக்காக ஏங்கினேன், அதற்கு ஊரில் அனுமதி இருந்தது. உயிரோடு தெருவில் போகிற ஒருத்தருக்காக ஏங்க எனக்கு அனுமதி இல்லை. போனை எடுத்து ஒருத்தர் அரியலூருக்கு நம்பர் கேட்பார், நான் வேறு நம்பரைச் சுற்றுவேன். பேசாமல் பேசிய அந்தப் பேச்சும் நின்றுபோனதும்தான் எனக்குத் தெரிந்தது, நான் அதில்தான் உயிர் வைத்திருந்தேன் என்று.

வைகாசியில் நடராசன் லீவில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடியும் சென்ட் வாசனையுமாக என் பூத்துக்கு வந்தார். "தங்கச்சி, மலேசியாவுக்கு ஒரு கால் போடணும். கம்பெனில ஒரு ஆளுக்கு வேலை இருக்கான்னு கேக்கணும்" என்றார்.

"யாருக்குண்ணே?"

"நம்ம பாலசுந்தரத்துக்குத்தான். கேபிளக் குடுத்துட்டு எங்கூடயே வர்றேங்குறான். என்னாச்சுன்னே தெரியல. கடைசி சி.டி.யக் கையில குடுத்துட்டேன், அதையும் போட மாட்டேங்குறான். கேட்டா, அவள எப்படிடா என் வாயால வெட்டச் சொல்றதுங்குறான். பொம்மைடா அதுன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்."

கால் போட்டுக் கொடுத்தேன். லைன் கிடைக்கவில்லை. சாமி புண்ணியம். நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

பூத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்காமலே, "நடராசன் வந்துட்டானாம்ல. அந்தப் பயலும் அவங்கூடப் போறானாம்ல" என்றாள்.

"ஆமா அத்தே."

"போவ வுட்டுருவியா?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த வெள்ளச் சேலக்காரி உம் பேச்சத்தான் பேசுறான்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? இந்த வூட்டுல தெனம் கேக்குற பேச்சு. ஊருக்கு வேணா தெரியாது. 'என்னய ஒருத்தரும் கேக்காததுதான் கோவம்'னு அவ சொன்னப்ப, அடுப்படிக்கு ஓடுனியே, அன்னைக்கே தெரியும்."

"அத்தே, நான் உங்கள வுட்டுட்டு..."

"ஏ, நிறுத்து. எங்கிட்ட எப்பவும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. நான் என்ன கைக்கொழந்தையா? எனக்குக் கடைசிப் படம் பாக்கணும். நாலு மாசமா ஒக்காந்து பாத்தவளுக்கு முடிவு தெரிய வேணாமா? போய் அந்தப் பயலப் போடச் சொல்லு. அவ பேசுறத அவன் பேச வேணாம். நீயே பேசிட்டு வா."

கேபிள் ஆபீஸ் டீக்கடைக்கு மேல் மாடியில். நான் படியேறிப் போனபோது அவர் ஏதோ பழைய படத்தின் சி.டி.யைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சுற்றிலும் பெட்டிகள், வயர்கள். நடுவில் ஒரு சின்ன டி.வி. அதன் முன்னால் அந்த மைக். இவ்வளவு சின்ன இடத்திலிருந்தா அத்தனை பேச்சும் வந்தது என்றிருந்தது.

"கடைசி சி.டி.யப் போடுங்க" என்றேன்.

"அது இன்னும் வரல..."

"நடராசண்ணன் சொல்லிட்டாரு."

தலையைக் குனிந்துகொண்டார். "அவ செத்துருவா. படத்த என்னால மாத்த முடியாது. பேச்சத்தான் மாத்த முடியும்."

"பேச்சையே நீங்க இன்னும் பேசி முடிக்கல." அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "போடுங்க மாமா."

அந்த வார்த்தை வந்துவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ நாள் டீ கிளாசைப் பார்த்த கண் அன்றைக்குத்தான் நேராக என்னைப் பார்த்தது. பிறகு மறுபேச்சில்லாமல் மேசை டிராயரைத் திறந்து சி.டி.யை எடுத்தார்.

ஏழு மணி. கீழே டீக்கடையில், "ஏய், கொம்பன்டா!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஊர் முழுக்க அந்தச் சத்தம் ஓடியிருக்கும். படம் முழுக்கப் பாலசுந்தரம் அடித்தொண்டையில் பேசினார், கொம்பன் வழியில் வந்தவனையெல்லாம் வெட்டினான். பொம்பளைக் குரல் எதுவும் வரவில்லை. பிறகு அந்தப் பாலம் வந்தது. பனி கொட்டுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து அவள் வருகிறாள், அதே வெள்ளைச் சேலை. பாலத்தின் நடுவில் கொம்பன். அவள் அவன் எதிரே வந்து நின்று, வாயைத் திறந்தாள். நான் மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"எல்லாரும் என்னயத் தாலியறுத்தவன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. இது அந்தச் சேலை இல்ல. எங்க ஊருல கல்யாணத்துக்குக் கட்டுற சேலை. கட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன். வெட்டுறதுன்னா வெட்டு. கூட்டிக்கிட்டுப் போறதுன்னா கூட்டிக்கிட்டுப் போ. இப்படிப் பேசாம மட்டும் நிக்காத. நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது."

அவள் வாய் எப்போதோ மூடிவிட்டது. நான்தான் முடிக்க நேரமானது. கொம்பன் சாக்கைப் பிரித்தான். பிடியில் கை வைத்தான். மைக்கைப் பாலசுந்தரத்தின் முன்னால் தள்ளினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வாள் கொஞ்சம் கொஞ்சமாக உறையிலிருந்து வெளியே வந்தது. பாதி வாள் பனியில் மின்னியபோது அவர் கையை நீட்டி சி.டி. ஓடுகிற பெட்டியை அணைத்தார். செந்துறை முழுக்கப் படம் போய் நீலத்திரை வந்திருக்கும். மைக் மட்டும் அணையவில்லை.

"எனக்கு வெட்டத் தெரியாதுங்க" என்றார். கொம்பன் குரல் இல்லை. அவர் குரல். "நான் கேபிள்காரன் பாலசுந்தரம் பேசுறேன். இந்தப் படம் இத்தோட முடிஞ்சுது." அதற்குமேல் எப்படிப் பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒரே ஒரு வழிதான், ஆடு காணாமல் போனால் அறிவிக்கிற வழி. அதே ராகத்தில், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "நமது ஊர் பஸ் ஸ்டாண்டு எதிர்ல பூத் வச்சிருக்கிற மலர்கொடிய நான் கட்டிக்க ஆசப்படுறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இதுல அவங்க மாமியார் செங்கமலத்தம்மாவுக்குச் சம்மதமான்னு, தகவல் இருந்தா, கேபிள் ஆபீசுக்குத் தெரிவிக்கவும்."

மைக்கை அணைத்துவிட்டு, வியர்த்து வழிந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் படியிறங்கி வீட்டுக்கு நடந்தேன். வழியில் வாசலுக்கு வந்து நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. கொம்பனை வேண்டும் வேண்டும் என்று அத்தனை நாள் நினைத்தேனே, வெட்ட மனசு வராமல் படத்தையே அணைத்த ஒரு ஆளைப் பார்த்த பிறகு என் மனசுக்குள் அவன் இருந்த இடம் காலியாக இருந்தது.

மாமியார் நீலத்திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கால் நீட்டியபடி, அதே இடத்தில். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த சி.டி.ல நெசமாவே வெட்டிருவானா?" என்று கேட்டாள்.

"வெட்டிருவான் அத்தே."

நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். "எவனாச்சும் வெட்டுப்பட்டாத்தான் எனக்கு ஆறும்னு இருந்தேன்டி. அதுக்குத்தான் தெனம் ஒக்காந்தேன். வாள எடுத்தான் பாரு, வேணாம்டான்னு என் வாய்தான் கத்துச்சு. எனக்கே தெரியல எங்கேருந்து வந்துச்சுன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மகன் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் அழுவதைப் பார்த்தேன். "செத்தது ஒருத்தன் போதும். போ. கேபிள் ஆபீசுக்குத் தகவல் சொல்லணுமாம்ல, போய்ச் சொல்லிட்டு வா."

நான் அவள் காலைத் தொட்டேன். தட்டிவிட்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்போது மறுபடி கூப்பிட்டாள்.

"மலரு, அந்தக் கொம்பனுக்கு ஆத்தா உண்டாடி படத்துல?"

"காட்டலியே அத்தே."

"இருந்திருப்பா" என்றாள். "வருவான்னு பாத்துக்கிட்டே இருந்திருப்பா."

டி.வி.யை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஓடட்டும் என்றாள்.